ஒரு கை குறைகிறது

பிப்ரவரி 3

என் தம்பி பெண்டாட்டியாகிய பிடிவாதக்காரிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் ‘இருக்கிறேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய்.

உன் கடிதத்தைத் தம்பி லாரிச் சாவியோடு சேர்த்து என் கையில் திணித்துவிட்டுக் குளிக்கப் போனான். குளித்துக்கொண்டே இருந்தான். உள்ளே நல்ல சேதி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். உன் நாலு வரியைப் படித்து முடிப்பதற்குள் என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சிகிச்சை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் நான் வர மாட்டேன், பிள்ளைகள் உங்களிடமே வளரட்டும், என் பழைய முகமே அவர்கள் மனதில் இருக்கட்டும். இவ்வளவுதானே? நீ பிடித்த முயலுக்கு என்றைக்குத்தான் நாலு கால் இருந்திருக்கிறது!

போனில் பேசு என்றால், புகை தின்ற குரல், பயந்துவிடுவார்கள் என்கிறாய். முகம் தெரிகிற போன் வேண்டவே வேண்டாம் என்கிறாய். விடுதியில் பாத்திரம் தேய்க்கிற கையில் பேனாவைக் கொடுத்து, இந்த வயதில் என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். விடுதிப் பிள்ளைகள் நான் எழுதுவதைப் பார்த்து, “யாருக்குக்கா, காதலருக்கா?” என்று கேட்கிறார்கள். ஆமாம், அவருக்குக் கோபம், சமாதானம் செய்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, நல்ல சேதி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஓர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அறிவியல் அருங்காட்சியகம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டது. திரும்பி நடந்தோம். உள்ளே போனால், ‘தொடாதே’ என்ற பலகையே கிடையாது. எல்லாவற்றையும் தொடலாம், திருகலாம், ஊதலாம். காற்றில் பந்து ஒன்று நூல் இல்லாமல் மிதக்கிறது. கயிற்றை இழுத்தால் உட்கார்ந்திருக்கிற நாற்காலியோடு நாமே மேலே போகலாமாம். உன் மகன் என்னை அதில் உட்கார வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “அத்தைக்கு வேற கயிறு வேணும்” என்று கூட்டத்துக்கு நடுவில் சொன்னான். நாலு வயதில் இந்த வாய்!

ஒரு மூலையில் வளைந்த கண்ணாடிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் முகம் பூசணிக்காய், ஒன்றில் முருங்கைக்காய். பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மனிதருக்கு முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கும், உள்ளே இருப்பது அதே ஆள்தான் என்று இந்தக் கண்ணாடியே சொல்லிக் கொடுத்துவிடாதா? வாராவாரம் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டால், நீ வரும்போது அவர்களுக்கு ஒன்றுமே தோன்றாது. டாக்டருக்கே இந்த வைத்தியம் தெரியாது.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். குஞ்சுக்கும் தன் காக்கை பொன்காக்கைதானடி. இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

உன் வாயாடி நாத்தனார்


பிப்ரவரி 14

அண்ணிக்கு,

என் முகம் வேடிக்கைக் கண்ணாடி இல்லை.

நீங்கள் கெட்ட மனதோடு எழுதவில்லை என்று தெரியும். ஆனாலும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்று முழுவதும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கண்ணாடியை விட்டு நகர்ந்தால் பூசணிக்காய் மறைந்து பழைய முகம் வந்துவிடும். அதனால்தான் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் எங்கே நகர்வது?

இங்கே எங்கள் பிரிவில் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டார்கள். நல்லதற்குத்தான். ஆனால் சாப்பாட்டுத் தட்டு எவர்சில்வர். முதல் வாரங்களில் சாப்பாடு போடும் வரை தட்டைக் கவிழ்த்தே வைத்திருப்பேன். இப்போது மருத்துவமனைத் துணிகளை மடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் எதுவும் தெரியாது.

போன மாதம் முதல்முறையாக வெளியே போனேன், பஸ்ஸில். முன் இருக்கையில் ஒரு குழந்தை, நம் சின்னவன் வயதுதான். காற்றில் துப்பட்டா விலகியது. அது கத்தவில்லை, அண்ணி. அம்மாவின் கழுத்தில் மெதுவாக முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் இறங்கும் வரை நிமிரவில்லை. யாரோ ஒருவருடைய பிள்ளை என்பதால் தாங்கிக்கொண்டேன். என் பிள்ளை அப்படிச் செய்தால்? அதுவும் உங்கள் கழுத்தில் முகம் புதைத்தால்?

சின்னவனுக்கு என்னை நினைவே இருக்காது. நான் மெத்தை தைத்த இடத்தில் தீப்பிடித்தபோது அவனுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. அது ஒரு நிம்மதி. பெரியவளுக்கு நினைவிருக்கும். எட்டு வயதுப் பெண், மெல்ல மறந்துவிடுவாள். அம்மாவுக்குத் தூரத்து ஊரில் வேலை என்றே சொல்லுங்கள். அந்தக் கண்ணாடிகள் பக்கம் இனிமேல் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்.


பிப்ரவரி 26

அம்மாடி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டேன். உன் லாரிக்காரனுக்கு வழியில் டயர் வெடித்து இரண்டு நாள் தாமதம். அவன்மேல் பழி போடுகிறேன் பார். பழி என்னுடையது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு முருங்கைக்காய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். ஒரு பக்கக் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “அம்மா இப்படி வந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் கண்ணாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கண்ணாடியை ஓங்கி அடித்தான். “அத்தையக் குடு! அத்தையக் குடு!” என்று அலறினான். இடுப்பில் அவனை வைத்துக்கொண்டு நிற்கிறேன், என்னையே கேட்டு அழுகிறான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் நகர்ந்து வழி விட்டார்கள்.

பெரியவள் அழவில்லை. பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வீட்டுத் தெரு திரும்பும்போது கேட்டாள்:

“அம்மாவுக்கு மூஞ்சி அப்படியா இருக்கு, அத்தை?”

“யார் சொன்னா?”

“நீங்கதான் கேட்டீங்களே, அம்மா இப்படி வந்தான்னு.”

“கொஞ்சம்” என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நீ என்னைத் திட்டினாலும் சரி. “அவங்க வரமாட்டாங்களா, வர முடியலையா?” என்றாள். வர முடியவில்லை என்றேன். “அப்ப சரி” என்றாள். பையை எடுத்துக்கொண்டு என் முன்னால் நடந்தாள். ஏதோ கணக்குக்கு விடை கிடைத்தது போல.

இனி கண்ணாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். ஆனால் அந்த இடத்தையே விட்டுவிட முடியவில்லை. சனிக்கிழமை இரவே ஷூவை மாட்டிக்கொண்டு படுக்கிறான் உன் மகன். மாடியில் வேறு கூடம் இருக்கிறது, அங்கே கண்ணாடி கிடையாது. விசாரித்துவிட்டேன்.

பெரியவள் மறந்துவிடுவாள் என்று எழுதியிருந்தாய். அவள் உன்னைப் போலடி, என்னைப் போல இல்லை. நான் சொல்லி மறப்பேன். நீங்கள் இரண்டு பேரும் சொல்லாமல் வைத்துக்கொள்வீர்கள்.


மார்ச் 9

அண்ணிக்கு,

உங்களைத் திட்டவில்லை. அவன் உங்களைக் கேட்டு அழுததைப் படித்தபோது, முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு அதுதான் சரி என்று தோன்றியது. அவன் அழுது கேட்பதற்கு ஒரு முகம் இருக்கிறது. அதை நான் வந்து கலைக்கக் கூடாது.

இங்கிருந்து இன்னும் தூரத்தில் ஒரு மருத்துவமனையில் நிரந்தரமாகத் துணிக்கிடங்கு வேலை இருக்கிறதாம். தங்க அறையும் தருவார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் போக வேண்டும். பள்ளியில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தம்பியிடம் பேசிவிட்டேன். அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பது உங்களுக்குத் தெரியுமே.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். இன்னும் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போகிறீர்களா? காலையிலா, மாலையிலா? என்ன சட்டை போட்டு அனுப்புகிறீர்கள்? தூரத்துக்குப் போகும் முன்பு மனதில் ஒரு படம் வைத்துக்கொள்ளலாம் என்று.


மார்ச் 17

அம்மாடி,

நீ சும்மாதான் கேட்டாய். நானும் சும்மாதான் சொல்கிறேன்.

ஞாயிறு காலை, கதவு திறக்கும்போதே நாங்கள் வாசலில் நிற்போம். சின்னவன் மஞ்சள் சட்டை. அழுக்கானாலும் அதுதான், கழற்ற விட மாட்டான். பெரியவள் உன்னுடைய பழைய நீலத் துணியில் தைத்த பாவாடை. நீளம் போதவில்லை, கீழே வேறு துணி வைத்துத் தைத்திருக்கிறேன். என் தையலைப் பார்த்தால் நீ பிரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாய்.

முதலில் காற்றுப் பந்து. பிறகு மாடிக் கூடம். எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது, மாடி ஏற மாட்டேன். கீழே டீ விற்கும் இடத்தில் தூணுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவேன். முதுகைக் கொடுத்தால் எனக்குப் படிக்கட்டு தெரியாது. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் ஒன்றும் தெரியாது. மேலே விளக்கிச் சொல்லும் நீலக் கோட்டுப் பெண் எங்கள் விடுதியில் தங்கியிருப்பவள், நான் கழுவிய தட்டில் சாப்பிடுகிறவள். இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். கூட்டத்தில் யார் யாரோ வந்து போகிறார்கள். முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தூசி, சளி, ஆயிரம் காரணம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை.

பள்ளியில் பெயர் மாற்ற நேரம் கிடைக்கவில்லை. விடுதியில் பாத்திரம் அதிகம்.


மார்ச் 25

அண்ணிக்கு,

உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தூணுக்கு அந்தப் பக்கம் உங்கள் கொண்டையைப் பார்த்தேன். கடைசி வரை நீங்கள் திரும்பவில்லை. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொண்டே படியேறினேன்.

மாஸ்க், துப்பட்டா, வலது கைக்கு உறை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவது என்றுதான் வந்தேன். பார்த்துவிட்டேன். அவன் உயரமாகிவிட்டான். ஓடும்போது ஒரு தோளை முன்னால் கொடுத்து ஓடுகிறான், அவன் அப்பா மாதிரி. நீங்கள் இதை எழுதவே இல்லை.

போயிருப்பேன். அங்கே நீலக் கோட்டுப் பெண் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சுவரின் இந்தக் கோடியில் ஒரு பித்தளைக் குமிழ், அந்தக் கோடியில் ஒன்று. இருவர் குமிழ்களில் கை வைக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் கை கோத்து நிற்க வேண்டும். சங்கிலி அறுபடாமல் இருந்தால், எல்லோருடைய உடம்பு வழியாகவும் கொஞ்சமே கொஞ்சம் மின்சாரம் போய் மேலே ஒரு விளக்கு எரியும். எல்லோரும் கையை நீட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. “ஒரு கை குறையுது” என்றாள் அந்தப் பெண். சின்னவன் சுற்றிலும் பார்த்தான். சுவரோரமாகச் சும்மா நின்றது நான் ஒருத்திதான். நேரே வந்தான்.

“ஆன்ட்டி, வாங்க. நீங்க சும்மாதானே நிக்கிறீங்க?”

உங்கள் வளர்ப்பு!

அவனுக்கும் பெரியவளுக்கும் நடுவில் நிறுத்தினான். “க்ளவுஸ் போட்டா வேலை செய்யாதாம்” என்று உறையை அவனே இழுத்துக் கழற்றினான். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது என்ன?”

“சுட்டுடுச்சு.”

“வலிக்குதா?”

“இப்ப இல்ல.”

அவ்வளவுதான் கேட்டான், அண்ணி. கையைப் பிடித்துக்கொண்டான். என் குரலுக்கும் பயப்படவில்லை.

விளக்கு எரியவில்லை. “யாரோ கை ரொம்பக் காஞ்சிருக்கு” என்றாள் அந்தப் பெண். எனக்குத் தெரியும், யார் கை என்று. ஒட்டுப் போட்ட தோலுக்கு வியர்க்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உருவிக்கொள்ளப் பார்த்தேன். “வேற யாரையாவது வச்சுக்கோங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சின்னவன் தன் உள்ளங்கையில் தூவென்று துப்பி, அதை என் உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்து, இறுக்கிப் பிடித்தான். கூட்டம் சிரித்தது. விளக்கு எரிந்தது.

முடிந்ததும் அவன் கத்திக்கொண்டே ஓடிவிட்டான். பெரியவள் என் இடது கையைப் பிடித்திருந்தாள். தீ தொடாத கை. மெத்தை தைக்கும்போது ஊசி ஏறிப் பிளந்த கட்டைவிரல் நகம் அந்தக் கையில்தான் இருக்கிறது. அவள் விரல் அந்தப் பிளவில் வந்து நின்றதை உணர்ந்தேன். என்னைப் பார்க்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அணைந்த பிறகும். “முடிஞ்சுதும்மா, கையை விடலாம்” என்றாள் நீலக் கோட்டுப் பெண். அவள் விடவில்லை.

நான்தான் உருவிக்கொண்டு வந்தேன்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? ஏதாவது சொன்னாளா? உண்மையைச் சொல்லுங்கள். கேலி வேண்டாம்.


ஏப்ரல் 2

அம்மாடி,

கேலி இல்லாமல் எழுத எனக்குப் பழக்கமில்லை. எழுதிப் பார்க்கிறேன். இது மூன்றாவது தாள்.

சின்னவன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான், “என் எச்சில்லதான் லைட் எரிஞ்சுச்சு” என்று. சுட்ட கை ஆன்ட்டி அடுத்த வாரமும் வருவார்களா என்று கேட்கிறான். அவர்கள் இல்லாவிட்டால் ஒரு கை குறையுமாம். இது கேலி இல்லை, அவன் சொன்னது.

பெரியவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தலை பின்னிக்கொண்டிருந்தேன். குனிந்தபடியே கேட்டாள்:

“அத்தை, அம்மா உங்களுக்கு லெட்டர் எழுதுவாங்கல்ல?”

“எழுதுவா.”

“நான் கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லிடாதீங்க.”

எனக்குப் பின்னல் நழுவிவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

“மூஞ்சிய மூடிக்கிட்டுதானே வந்தாங்க? பாக்கக் கூடாதுன்னுதானே? நான் பாத்தேன்னு தெரிஞ்சா அடுத்த தடவ வரமாட்டாங்க.”

அதனால்தான் உன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, தெரிகிறதா? விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்று கூப்பிடவில்லை. அருகிலேயே நின்றுகொண்டு, உனக்காக ஒளிந்துகொண்டாள். நீ அவர்கள் பயந்துவிடக் கூடாது என்று ஒளிகிறாய். அவள் நீ பயந்துவிடக் கூடாது என்று ஒளிகிறாள்.

சொல்ல மாட்டேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன். இதோ உடைத்துவிட்டேன். குழந்தைக்குக் கொடுத்த வாக்கை உடைப்பது பெரிய பாவம். அதை நான் சுமந்துகொள்கிறேன்.

சின்னவன் உன் முகத்தைப் பார்த்தால் அழலாம். அழ மாட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை அப்படி நினைத்துத்தான் கெடுத்தேன். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளவும் செய்யலாம். செய்தால் ஒரு நாள் புதைத்துக்கொள்வான், இரண்டு நாள் புதைத்துக்கொள்வான். பிறகு எட்டிப் பார்ப்பான். அவனால் சும்மா இருக்க முடியாது, உனக்கே தெரிந்துவிட்டது. நான் பயப்படுவது அவனைப் பற்றி இல்லை. அழாமல் இருக்கிறாளே, அவளைப் பற்றி. எட்டு வயதில் இவ்வளவு பொறுமை ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது. நல்லதில்லை அது.

பள்ளியில் பெயரை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். நான் அவர்களுக்கு அத்தை. அது எனக்குப் போதும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

துணிக்கிடங்கு வேலைக்கு நீ போவதாக இருந்தால், போகும் முன்பு அவளிடம் நீயே எழுதிவிடு. அதை நான் என் வாயால் சொல்ல மாட்டேன்.


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

வேலைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வரும் சனிக்கிழமை உங்கள் தம்பியின் லாரியில் வருகிறேன். வழியெல்லாம் முகத்தை மூடிக்கொண்டுதான் வருவேன், தெருமுனையில் எடுத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும். என் கால் பின்வாங்கினால் அவர் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு முன்பு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சின்னவன் அழுதால் சமாதானம் செய்யாதீர்கள். உங்களிடம் வந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே கொண்டு போய்விட வேண்டாம். அவன் எட்டிப் பார்க்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.

பெரியவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் வருவதையும் சொல்ல வேண்டாம். லாரிச் சத்தம் கேட்டதும் நீங்கள்தான் வழக்கமாக ஓடி வந்து கதவைத் திறப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு மட்டும் கையில் மாவோ, சோப்போ, ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். அவள் திறக்கட்டும்.